இரண்டாவது பொட்டலம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கினால்தான் எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மேல் மெட்ராஸ்காரர்களுக்கு அக்கறை பிறக்கும். வயிற்றெரிச்சலில் சொல்லவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். பள்ளிக்கூட ஆய்வு, கூட்டுறவுச் சங்கத் தணிக்கை, பால்வாடிப் பார்வை எல்லாம் ஆனியிலும் ஆடியிலும்தான் நடக்கும். வருகிறவர்களின் பெட்டியில் கோப்புகளுக்கு அடியில் துண்டும் எண்ணெய்க் குப்பியும் இருக்கும். சித்திரையில் மண்டை பிளக்கிற வெயிலில், இந்த ஊர்ப் பிள்ளைகள் சாப்பிட்டதா படித்ததா என்று கேட்க ஒரு ஈ காக்கை வராது.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் இளைஞர் வட்டத்தை மதிப்பிட ஆள் வரப்போவதாகச் சொன்னபோதும் அது ஆடி மாதம்தான். மற்ற வருடமாக இருந்தால் நான் சிரித்திருப்பேன். அந்த வருடம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் அப்போது தென்காசியில் ஒரு தொண்டு நிறுவனத்தில் களப்பணியாளர். பி.ஏ. முடித்துவிட்டு, கல்யாணமும் ஆகாமல், சைக்கிளில் ஊர் சுற்றுகிற பெண் என்று எனக்கு நல்ல பெயர். வயசுப் பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதைத் தாங்களே கேட்டு வாங்கப் பழக வேண்டும், மனதிலும் உடம்பிலும் தெம்பாக இருக்க வேண்டும், அதற்கு நாங்கள் ஒத்தாசை செய்ய வேண்டும். திட்டம் இவ்வளவுதான். காசு வெளிநாட்டிலிருந்து வந்தது. மூன்று வருடம் கொடுத்தவர்கள், மேலும் மூன்று வருடம் கொடுக்கலாமா என்று பார்த்துவரச் சொல்லி மெட்ராஸிலிருந்து ஒரு அம்மாளை அனுப்புகிறார்கள். அதைத்தான் எங்கள் செயலாளர் ‘எவாலுவேஷன்’ என்று நாக்கு உலர உலரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

என் பொறுப்பில் இருந்த வட்டம் தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஒரு தெருவில் இருந்தது. எல்லாரும் பீடி சுற்றுகிற பெண்பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகிறவர்களும் காலையிலும் சாயங்காலமும் சுற்றுவார்கள். கூட்டத்துக்கு வரும்போது மடியில் பீடித்தட்டோடுதான் வருவார்கள். முதல் மாதம் நான் தட்டைக் கீழே வைக்கச் சொன்னேன். ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. தட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன நாளில் பேச ஆரம்பித்தவர்கள்தான், பிறகு நிறுத்தவே இல்லை. கண் இலையில், கை தூளில், வாய் மட்டும் ஊரில். தட்டு மடியில் இருந்தால் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. குனிந்துகொண்டே எதையும் சொல்லிவிடலாம். அப்படிக் குனிந்தபடியே பேசித்தான் தெருவுக்குக் குழாய் கேட்பது என்று முடிவெடுத்தார்கள். விடியுமுன் பெண்கள் ஒதுங்கப் போகிற பாதைக்கு விளக்கு கேட்டார்கள். எங்கள் வட்டத்தில் ஒரு வாயாடி இருந்தாள். பஞ்சாயத்துத் தலைவரிடம் அவள், “லைட்டு போடலைன்னா நாங்க ஒங்க வீட்டு வாசலுக்கே வாறோம், அங்கன நல்ல வெளிச்சம் இருக்குல்லா” என்று சொன்னதில் விளக்கு வந்துவிட்டது.

வட்டத்துக்கு அவர்களே தேர்ந்தெடுத்த தலைவி ஒருத்தி உண்டு. பெயர் வேண்டாம்; தலைவி என்றே சொல்கிறேன். பதினேழு வயது, பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். டீச்சர் டிரெயினிங் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அப்பா செங்கோட்டை ரோட்டில் ஒரு மரக்கடையில் வாட்ச்மேன். வாயில் கொழுக்கட்டையை வைத்தவர் மாதிரி பேசாத மனிதர். அவர்கள் குடியிருந்தது தாய்மாமன் வீட்டில். அரிசி வருவதும் மாமன் வயலிலிருந்துதான். ஆகவே அந்த வீட்டில் மாமன் சொன்னதுதான் சொல்.

மாமன் ராயகிரிப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார். போலீஸ் வேலை, சொந்த நஞ்சை. வேறென்ன வேண்டும்? ஆனி முடியுமுன் கல்யாணம் என்றார். தலைவி அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். பிள்ளைகள் கூட்டமாகப் போய் அவள் அம்மாவிடம் பேசினார்கள். அந்த அம்மா, “எங்கண்ணன் சோத்தத் தின்னுட்டு எங்கண்ணன எதுக்கச் சொல்லுதியளா?” என்று ஒரே கேள்வியில் அனுப்பிவிட்டாள். அப்பா வழக்கம்போல ஒன்றும் பேசவில்லை. பேச்சு முற்றி நாள் குறிக்கப்போகிற நேரத்தில் மட்டும் மச்சானிடம் ஒரு வார்த்தை சொன்னாராம்: “சாமிகிட்ட ஒரு தடவ பூக்கட்டிக் கேட்டுட்டுச் செய்வோமே.”

எங்கள் பக்கத்தில் இது வழக்கம். வெள்ளை அரளியை ஒரு வாழையிலைக் கிழிசலிலும் செவ்வரளியை இன்னொன்றிலும் மடித்து, வாழைநாரால் ஒன்றுபோலக் கட்டி அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒன்றும் அறியாத சின்னக் குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமி சம்மதம், சிவப்பு வந்தால் வேண்டாம். சாமியைக் கேட்கலாம் என்று சொன்னால் யாரும் மறுக்க முடியாது. மாமனும் சிரித்துக்கொண்டே சரி என்றார். பொட்டலம் கட்ட, வட்டத்துப் பூக்காரப் பிள்ளையை அப்பா கூப்பிட்டார். தென்காசிக் கோயில் வாசலில் அம்மாவோடு உட்கார்ந்து பூக்கட்டுகிறவள் அவள். “ஏட்டி, நீயே கட்டிக் கொண்டாந்துரு” என்றார். மகள் வாழ்க்கையைக் கேட்கிற பூவைக்கூடத் தன் கையால் வாங்கிக் கட்ட இந்த மனுஷனுக்கு முடியவில்லையே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தெரு முனை அம்மன் கோயிலில் எல்லாரும் நின்றோம். குழந்தை எடுத்தது. பூசாரி அவிழ்த்தார். சிவப்பு. மாமன் முகம் கறுத்தது. அம்மா தலையில் கைவைத்தாள். தலைவி குனிந்துகொண்டே நின்றாள். கலைந்து போகிற நெரிசலில் பூக்காரப் பிள்ளை மட்டும் பீடத்தின் பக்கம் எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

அன்று பிற்பகல் பீடிக்கடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“எக்கா, ரெண்டுலயும் செவப்பு அரளிதான் வச்சேன்.”

“அடி பாவி!”

“எல்லாருஞ் சேந்துதான் முடிவு பண்ணுனோம். ஒங்ககிட்ட சொன்னா நீங்க வேண்டாம்பிய.” தெருப் பக்கம் ஒரு தரம் எட்டிப் பார்த்துக்கொண்டாள். “அது போகட்டும் எக்கா. மத்தப் பொட்டலத்தக் காணல. எடுத்துறலாம்னு போனேன். அங்கன இல்ல.”

அந்த இரண்டாவது பொட்டலம் அன்றிலிருந்து என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. யார் எடுத்தார்கள்? பூசாரி குப்பையோடு தள்ளியிருக்கலாம். மாமன் எடுத்திருக்கலாம். யாராவது அதை அவிழ்த்து, உள்ளே சிவப்பைப் பார்த்து, “அப்போ வெள்ளை எங்கே?” என்று கேட்டால் போதும். சாமியையே ஏமாற்றினார்கள் என்று ஊர் கொதிக்கும். பூக்காரப் பிள்ளையின் அம்மாவைக் கோயில் வாசலில் உட்கார விடமாட்டார்கள். தலைவியின் கழுத்தில் ஆவணி முதல் முகூர்த்தத்தில் தாலி ஏறும். பள்ளிக்கூடம் அத்தோடு சரி. மாமன் வேறு விடுவதாக இல்லை. ஆடி போகட்டும், ஆவணி பிறந்ததும் வேறு கோயிலில் இன்னொரு தரம் கேட்கலாம், மாப்பிள்ளை வீட்டாரும் பொறுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த நிலையில்தான் மதிப்பீடு வந்தது.

செயலாளரை எல்லாரும் அண்ணாச்சி என்போம். கெட்டவர் இல்லை. அந்தத் திட்டத்துக்காகத் தூக்கம் கெட்டவர்தான். ஆனால் அவரிடம் ஒன்றைச் சொல்வதும் கோயில் ஒலிபெருக்கியில் சொல்வதும் ஒன்று. போலீஸ் மாப்பிள்ளை கல்யாணம் நின்றது என்ற சேதி அவர் காதுக்கும் போயிருந்தது. வட்டம்தான் பேசி நிறுத்தியது என்று அவராக முடிவு செய்துகொண்டார்.

“அந்தப் பிள்ளய எந்திரிச்சுப் பேசச் சொல்லு. அவ அப்பனையும் வரச்சொல்லி முன்னால உக்கார வைப்போம். மனசு மாறின தகப்பன். அந்தம்மா அப்படியே அசந்து போவாவ.”

“அண்ணாச்சி, அது சாமி காரியம். வட்டத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

“எம்மா, கொழாய் வந்துச்சு, லைட்டு வந்துச்சுன்னு சொன்னா, அத பஞ்சாயத்தே செய்யும்லா, நீங்க எதுக்குன்னு கேப்பாவ. ஒரு பிள்ள எந்திரிச்சு நின்னு, என் வாழ்க்கைய நான் காப்பாத்திக்கிட்டேன்னு சொல்லட்டும். இன்னும் மூணு வருசத்துக்கு நமக்கு உசுரு இருக்கும். இல்லன்னா கதவச் சாத்திட்டுப் போக வேண்டியதுதான். மத்தப் பிள்ளைகள நெனச்சுப் பாரு.”

நான் மத்தப் பிள்ளைகளைத்தான் நினைத்தேன். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் என்னைக் கொன்றது. உண்மையைச் சொன்னால் ஒருத்தி போவாள். சொல்லாவிட்டால் எல்லாருக்கும் இருக்கிற ஒரே இடம் போகும். நடுவில் என் வேலையும் இருந்தது. அந்த நினைப்பும் எனக்கு வந்தது.

சாயங்காலம் பிள்ளைகளிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். யாரும் தலை நிமிரவில்லை. கத்தரிக்கோல்கள் பீடியிலையை வெட்டிக்கொண்டே இருந்தன. கடைசியில் தலைவி, “பாத்துக்கிடுதோம் எக்கா” என்றாள்.

“என்னட்டி பாத்துக்கிடுவிய?”

“பாத்துக்கிடுதோம்.”

அவ்வளவுதான். மூன்று வருடம் கூட இருந்தவளிடம் சொல்ல இவர்களுக்கு ஒரு வார்த்தை இல்லையா என்று எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. சைக்கிளை மிதித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மதிப்பீட்டு நாளன்று காலையிலிருந்தே சாரல். கூட்டம் ஒரு தகரக் கொட்டகையில். அண்ணாச்சி வாசலிலேயே நின்று பீடித்தட்டுகளையெல்லாம் வாங்கி ஒரு மூலையில் அடுக்கிவிட்டார். “இன்னைக்கி இதெல்லாம் வேண்டாம். கொழந்தைத் தொழிலாளின்னு எழுதிட்டுப் போயிருவாவ.” பிள்ளைகள் வெறும் மடியோடு உட்கார்ந்தார்கள். கையை எங்கே வைப்பது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. தாவணி நுனியைச் சுருட்டுகிறாள் ஒருத்தி. நகத்தைக் கடிக்கிறாள் இன்னொருத்தி. பூக்காரப் பிள்ளையின் விரல்கள் இல்லாத இலையில் இல்லாத தூளை வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தன.

முன் நாற்காலியில் தலைவியின் அப்பா, தேய்த்த சட்டையோடு. பக்கத்தில் அழைக்காமலே வந்த மாமன். வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கூட்டத்தில் பேசப்போகிறார்கள் என்று யாரோ ஓதியிருக்கிறார்கள். கால் மேல் கால் போட்டு உட்கார்ந்து, மீசையைத் தடவிக்கொண்டு, எங்கள் ஒவ்வொரு முகத்தையும் பார்த்தார். பொட்டலம் இவரிடம்தான் இருக்கிறது என்று அந்த நிமிஷம் எனக்குத் தோன்றியது. எல்லார் முன்னாலும் அவிழ்க்கத்தான் வந்திருக்கிறார் என்று தோன்றியது.

மெட்ராஸ் அம்மாள் கண்ணாடி போட்டவர், நூல் சேலை. மரியாதையாகத்தான் பேசினார். நாற்காலியை விட்டு இறங்கிப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். அதைப் பார்த்து எனக்கு அவரைப் பிடித்தும் போயிற்று. அதுதான் இன்னும் கஷ்டம்.

“இந்த மூணு வருஷத்துல நீங்களா கேட்டு வாங்கினது என்னென்ன?” என்று வாயாடியைக் கேட்டார்.

பஞ்சாயத்துத் தலைவரையே மடக்கியவள். இவளாவது குழாயையும் விளக்கையும் சொல்லி மானத்தைக் காப்பாற்றுவாள் என்று நான் நிமிர்ந்தேன்.

“ஒண்ணும் இல்லம்மா.”

“ஒண்ணுமே இல்லையா?”

“பாட்டுப் படிப்போம். கோலாட்டம் அடிப்போம்.”

அண்ணாச்சி முகத்தில் ஈயாடவில்லை. “ஏட்டி, கொழாய் கேட்டிய, லைட்டு கேட்டியல்லா, சொல்லு” என்று எடுத்துக் கொடுத்தார். அவள் பாயைப் பார்த்துக்கொண்டு, “அது அக்கா கேட்டாவ. நாங்க சும்மா கூடப் போனோம்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது கூச்சம் இல்லை. பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். கேட்கத் தெரிந்த பிள்ளைகள், கூடிப் பேசி முடிவெடுக்கத் தெரிந்த பிள்ளைகள் என்று மாமனுக்குத் தெரிந்தால், அந்த வெள்ளிக்கிழமையை அவர் இன்னொரு தரம் யோசித்துப் பார்ப்பார். அதனால் குழாயைக்கூட விட்டுக்கொடுக்கிறார்கள். அத்தனை பேரும் மண்ணாந்தைகளாக நடிக்கிறார்கள். அடுத்தவள், அதற்கடுத்தவள் என்று அம்மாள் வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். தெரியாது. அக்காவுக்குத்தான் தெரியும். வீட்ல கேக்கணும். ஒவ்வொரு பதிலிலும் எங்கள் திட்டம் ஒரு பிடி மண் சரிந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பூக்காரப் பிள்ளையின் முறை வந்தது. அவள் கண் மாமன் பக்கம் போய், திரும்பி வந்தது. “பூக்கட்டுவேன்” என்றாள். அதற்குமேல் அவளைக் கேட்கவில்லை.

அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. எழுந்தே விட்டார்.

“நம்ம தலைவி இருக்கா. நீ சொல்லும்மா. பயப்படாத, ஒங்கப்பாவும் இங்கனதான் இருக்காவ. ஒன் கல்யாணம் எப்படி நின்னுச்சு? யாரு நிறுத்துனா?”

மாமன் காலை இறக்கினார். “என்ன கேள்வி கேக்கிய நீங்க? எங்க வீட்டுக் காரியத்துக்கும் இந்தக் கோலாட்டத்துக்கும் என்னவே சம்பந்தம்?”

தலைவி எழுந்து நின்றாள். வெறும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“மாமா பாத்தது நல்ல மாப்பிள்ளை. எனக்குச் சம்மதம்தான். சாமி உத்தரவு தரல. அதான் நின்னுச்சு.”

“உனக்கு மேல படிக்கணும்னு ஆசை இல்லையா?” என்றார் அம்மாள், மெதுவாக.

“பெரியவங்க சொல்லுதபடி.”

டீச்சர் டிரெயினிங் விண்ணப்பம் எப்போது போடுவது என்று முந்தின வாரம்கூட என்னிடம் விசாரித்தவள்தான் இதைச் சொன்னாள், குரல் பிசிறாமல். மாமன் மறுபடி கால் மேல் கால் போட்டார். அவர் கையில் பொட்டலம் இல்லை என்று அப்போதுதான் எனக்கு உறுதியாயிற்று. இருந்திருந்தால் அப்படி உட்கார்ந்திருக்க மாட்டார்.

அம்மாள் விடவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பினார். “நீங்க சொல்லுங்கய்யா. பொண்ணு இந்த வட்டத்துக்கு வந்ததுல உங்க மனசுல ஏதாவது மாறியிருக்கா?”

அவர் எழுந்து, தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். மச்சானைப் பார்த்தார். மகளைப் பார்த்தார்.

“ஒண்ணும் மாறலம்மா” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

நல்ல வேளை என்று ஒரு மனம் சொன்னது. கல்லுளிமங்கா என்று இன்னொரு மனம் திட்டியது.

பிற்பகல் வழக்கப்படி குற்றாலம். வேன் ஏற்பாடாகியிருந்தது, பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டோம். ஐந்தருவியில் கூட்டம் என்று மெயின் அருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அம்மாள் குளிக்கிற அவசரத்தில் இல்லை. எண்ணெய் தேய்த்த தலையோடு ஓரமாக நின்று என்னைக் கூப்பிட்டார்.

“உண்மையைச் சொல்லுங்க. மூணு வருஷத்துல ஒரு பிள்ளைக்குக்கூடவா வாய் திறக்கலை? என்னால நம்ப முடியலை. நீங்க வேலை செய்யற விதம் எனக்குத் தெரியுது. ஏதோ ஒண்ணு இருக்கு. எங்கிட்ட சொல்லுங்க, பேர் போடாம எழுதறேன். இப்படியே எழுதினா நிறுத்திடுவாங்க.”

நல்ல மனசோடுதான் கேட்டார். ஆசை என்னைப் பிடித்து இழுத்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். இந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா என்று பெருமையாகச் சொல்லத் துடித்தேன். பேர் போடமாட்டார்தான். ஆனால் அந்த எழுத்தைப் படிக்கப்போகிற முதல் ஆள் அண்ணாச்சி. இந்த வட்டாரத்தில் பூக்கட்டிக் கேட்டு நின்ற கல்யாணம் அந்த வருடம் ஒன்றே ஒன்று. அப்படியும் என் வாய் திறந்துவிட்டது. “அம்மா, அது வந்து...”

முதுகில் ஈரக் கை விழுந்தது. தலைவி. சொட்டச் சொட்ட நின்றாள்.

“எக்கா வாங்க. தண்ணி கொறையுமுன்ன நிக்கணும்லா.”

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அருவிக்கு நேர் அடியில் நிறுத்திவிட்டாள். அங்கே நின்றால் பக்கத்தில் இருக்கிறவள் அலறினாலும் கேட்காது. தலையில் விழுகிற அடியில் மூச்சு முட்டியது. நான் அழுதேன். அங்கே அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. வெளியே வந்து தலையைத் துவட்டும்போது காதோரம் குனிந்து சொன்னாள்.

“அது எங்க காரியம்லா எக்கா. நீங்க சொல்லக் கூடாது.”

சுள்ளென்று இருந்தது. வேண்டியதை நீங்களே முடிவு செய்யுங்கள் என்று மூன்று வருடமாக நான்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். அதைச் செய்யும்போது எனக்கு வலிக்கிறது.

அறிக்கை வந்தது. அண்ணாச்சி அதை என் முன்னால் போட்டார். பிள்ளைகளின் பங்கேற்பு மிகக் குறைவு, கூச்சம் நீங்கவில்லை, எல்லா முடிவையும் பணியாளரே எடுக்கிறார், பெற்றோரிடம் மனமாற்றம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதியிருந்தது. அந்த அம்மாளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் கேட்டது அதுதான், அவருக்குக் கிடைத்ததும் அதுதான். பொங்கலுக்குள் திட்டத்தை நிறுத்திவிட்டார்கள். தகரக் கொட்டகையில் யாரோ உர மூட்டை அடுக்கினார்கள். அண்ணாச்சி என்னோடு ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் சேர்ந்து கணக்குப் பார்த்தேன்.

ஆவணியில் மாமன் மறுபடி பூக்கட்டக் கிளம்பினார். அதற்குள் ராயகிரிக்காரர்கள் வேறு இடத்தில் பேசி முடித்துவிட்டார்கள். சாமியே வேண்டாம் என்று சொல்லிவிட்ட பெண்ணுக்காக எத்தனை மாதம் காத்திருப்பார்கள்? தலைவி பிளஸ் டூ எழுதினாள். டிரெயினிங்கும் போனாள். பிள்ளைகள் பீடிக்கடை வாசலில் இலை வாங்க நிற்கிற சாக்கில் கூடிப் பேசிக்கொண்டேதான் இருந்தார்கள். இரண்டாவது பொட்டலத்தின் பயம் எனக்கு மட்டும் போகவில்லை. அந்தக் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் பீடத்தின் பக்கம் கண் தானாகப் போகும்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு மத்தியானம் தென்காசி பஸ் ஸ்டாண்டில் அவளுடைய அப்பாவைப் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் தூக்குச்சட்டி. மகள் வீரகேரளம்புதூர்ப் பக்கம் டீச்சராக இருக்கிறாள், உடம்பு சரியில்லை, ரசம் வைத்துக் கொண்டுபோகிறேன் என்றார். மச்சான் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் ஆகிறது என்றும் சொன்னார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை.

பஸ் வர நேரமிருந்தது. அவராகவே ஆரம்பித்தார்.

“அந்தப் பிள்ள, பூக்காரப் பிள்ள, ரொம்ப நாள் என்னக் கண்டாலே ஒதுங்கிப் போகும். பாவம். அன்னைக்கி பீடத்துக்கிட்ட தேடுனதப் பாத்தேன்.”

ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன். “என்ன தேடுனா?”

“மத்தப் பொட்டலத்தத்தான். அத நாந்தான் எடுத்தேன். மச்சான் கண்ணு அது மேலயே இருந்துச்சும்மா. துண்டப் போட்டு அமுக்கி மடியில வச்சுட்டு, நேரா போயி சித்தாத்துல போட்டுட்டேன்.”

“அவிழ்த்துப் பாத்தியளா?”

அவர் என்னைப் பார்த்தார். இவ்வளவு படித்த பிள்ளைக்கு இது தெரியாதா என்கிற பார்வை.

“எதுக்கு? கட்டுததுக்கு அந்தப் பிள்ளயத் தேடிப் புடிச்சுச் சொன்னதே நான்லா.”

பஸ் வந்தது. தூக்குச்சட்டி சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஏறினார். ஜன்னலோரம் இடம் கிடைத்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். நான் அந்த இடத்திலேயே நின்றேன். தகரக் கொட்டகையில் அந்த அம்மாள் அவரைக் கேட்ட கேள்வியும், துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் சொன்ன பதிலும் காதில் கேட்டன. அத்தனை பேர் வாயால் பொய் சொன்ன அந்தக் கூட்டத்தில் அவர் ஒருத்தர்தான் உண்மையைச் சொன்னவர். அவர் மனதில் ஒன்றும் மாறவில்லை. முதலிலிருந்தே அவர் மகள் பக்கம்தான் இருந்தார்.